எடைசாரா ஊட்டச்சத்து ஆலோசனை

எடைசாரா ஊட்டச்சத்து ஆலோசனை என்பது, உடல் எடையைக் குறைப்பதை இலக்காகக் கொள்ளாமல் ஒருவரின் உண்ணும் பழக்கத்தையும் உடல்நலத்தையும் மேம்படுத்த முயலும் உணவியல் ஆலோசனை முறை ஆகும். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கம், உடல் வலிமை, உணவைப் பற்றிய அச்சம் நீங்குதல் ஆகியவை இம்முறையில் முன்னேற்றத்தின் அளவீடுகளாகக் கொள்ளப்படுகின்றன. எடை குறையலாம், கூடலாம், மாறாமலும் இருக்கலாம். அது சிகிச்சையின் வெற்றியையோ தோல்வியையோ தீர்மானிப்பதில்லை.

இம்முறை ஐக்கிய அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. உண்ணல் கோளாறுகளுக்குச் சிகிச்சை அளிக்கும் உணவியல் வல்லுநர்களிடையே இது பரவலாக உள்ளது. உடற்பருமன் மருத்துவத்தில் ஈடுபட்டுள்ளோர் பலர் இதன் சில கூறுகளை ஏற்றும், சிலவற்றைக் கடுமையாக மறுத்தும் வருகின்றனர்.

பெயரும் பொருளும்

உடல்நலத்தை எடையைக் கொண்டு மதிப்பிட்டு, எடைக் குறைப்பை முதன்மைப் பரிந்துரையாக வழங்கும் வழக்கமான முறை எடைமைய அணுகுமுறை எனப்படுகின்றது. இதற்கு மாற்றாக, எந்த எடையில் உள்ளவருக்கும் ஒரே தரமான கவனிப்பும் மதிப்பும் கிடைக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது எடைசாரா அணுகுமுறை ஆகும். அமெரிக்க உளவியலாளர் டிரேசி டில்காவும் பிறரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்விரு அணுகுமுறைகளையும் ஒப்பிட்டு விளக்கியது.

எடைசாரா முறை என்பதை மனம் போனபடி உண்பது எனப் பொருள்கொள்வது தவறாகும். அதேபோல, இது தமிழ் மருத்துவ மரபில் வழங்கும் பத்தியத்துக்கு எதிரானதும் அன்று. பத்தியம் ஒரு மருந்தையோ நோயையோ சார்ந்து விதிக்கப்படும் கட்டுப்பாடு ஆகும். எடைசாரா முறை கேள்விக்கு உட்படுத்துவது, எடையைக் குறைக்கும் ஒரே நோக்குடன் மீண்டும் மீண்டும் மேற்கொள்ளப்படும் உணவுக்கட்டுப்பாட்டையே.

பின்னணி

உடல் நிறை குறியெண்

கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறப்படும் எண் உடல் நிறை குறியெண் ஆகும். இவ்விகிதத்தைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் அடோல்ஃப் கெட்லே 1830-களில் முன்வைத்தார். அவரது நோக்கம் மக்கள்தொகையின் சராசரி மனிதனைக் கணிப்பதே. தனியொருவரின் நோயை அறிவதன்று. 1972-இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவரது குழுவினரும் இதற்கு உடல் நிறை குறியெண் என்ற பெயரை வழங்கினர்.

1998-இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நலக் கழகங்கள் மிகை எடைக்கான எல்லையை 25 எனக் குறைத்தன. அதற்கு முன்னர் அந்நாட்டில் ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்ற எல்லைகள் வழங்கின. இதனால் எடையில் மாற்றம் ஏதுமின்றியே பல இலட்சம் மக்கள் மிகை எடையினர் ஆயினர். இந்நிகழ்வு எடைசாரா அணுகுமுறையினரால் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது.

மினசோட்டா பட்டினி ஆய்வு

உணவுக் குறைப்பு மனிதரை எவ்வாறு மாற்றுகின்றது என்பதற்கு மிக விரிவான சான்றாக விளங்குவது, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பர் முதல் 1945 டிசம்பர் வரை ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வாகும். இரண்டாம் உலகப் போரால் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்கும் வழியை அறிவதே இதன் நோக்கம். மனச்சான்றின் அடிப்படையில் போரிட மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் பங்கேற்றனர்.

24 வாரங்கள் நீடித்த அரைப்பட்டினிக் காலத்தில் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரி அளவு உணவு வழங்கப்பட்டது. இக்காலத்தில் அவர்கள் தம் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடல் மாற்றங்களைவிட உள மாற்றங்கள் பெரிதும் கவனத்தை ஈர்த்தன. அவர்கள் எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினர்; சமையல் நூல்களைப் படித்தனர்; தட்டை நக்கி உண்டனர்; எரிச்சலும் சோர்வும் உற்று நண்பர்களிடமிருந்து விலகினர். உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, சிலர் வயிறு கொள்ளாத அளவு உண்டும் நிறைவை உணரவில்லை. இம்முடிவுகள் 1950-இல் இரு தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றன.

இந்த ஆய்வில் வழங்கப்பட்ட கலோரி அளவு, இன்று எடைக் குறைப்புக்காகப் பரிந்துரைக்கப்படும் பல உணவுத் திட்டங்களின் அளவை ஒத்ததாகும். ஆனால் பங்கேற்றோர் தொடக்கத்தில் மெலிந்த, உடல் உழைப்பு மிக்க இளைஞர்கள் என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட இயலாது.

கட்டுப்பாட்டு உண்ணல் கோட்பாடு

1975-இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவியருக்கு முதலில் மில்க்ஷேக் வழங்கி, பின்னர் சுவை பார்க்கும் சோதனை என்ற பெயரில் ஐஸ்கிரீம் தந்தனர். உணவுக்கட்டுப்பாட்டில் இல்லாதோர், மில்க்ஷேக் அருந்திய பின்னர் குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தோரோ மில்க்ஷேக் அருந்திய பின்னர் கூடுதலாக உண்டனர். விதி ஒருமுறை மீறப்பட்டதும், இன்றைய நாள் எப்படியும் கெட்டுவிட்டது என்ற எண்ணம் எழுந்து கட்டுப்பாடு முற்றிலும் தளர்வதாக இது விளக்கப்பட்டது. ஹெர்மனும் ஜேனட் போலிவியும் இக்கருத்தைப் பின்னர் விரிவாக வளர்த்தனர்.

எடைசாரா ஆலோசனையில் இது ஒரு சுழற்சியாக விளக்கப்படுகின்றது: கட்டுப்பாடு, ஏக்கம், மிகையுண்ணல், குற்றவுணர்வு, மீண்டும் கட்டுப்பாடு. தம் மன உறுதியின்மையே காரணம் என நம்பி வருவோருக்கு, சுழற்சியின் தொடக்கம் கட்டுப்பாடே என்பதைப் புரிய வைப்பது ஆலோசனையின் முதற்படியாக அமைகின்றது.

வரலாறு

1967-இல் லூ லவுடர்பேக் என்ற எழுத்தாளர், பருமனானவர்கள் நடத்தப்படும் முறையைக் கண்டித்து ஓர் அமெரிக்க இதழில் கட்டுரை எழுதினார். அதனைத் தொடர்ந்து 1969-இல் பில் ஃபேப்ரே, பருமனானோர் உரிமைக்கான தேசிய அமைப்பு ஒன்றை நிறுவினார். 1978-இல் பிரித்தானிய உளச்சிகிச்சையாளர் சூசி ஆர்பாக் எழுதிய நூல், பெண்களின் உடல் எடையைப் பெண்ணியக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தது.

1995-இல் அமெரிக்க உணவியல் வல்லுநர்களான ஈவ்லின் டிரைபோலி, எலிஸ் ரெஷ் ஆகியோர் உள்ளுணர்வு உண்ணல் என்ற நூலை வெளியிட்டனர். தாம் வகுத்துத் தந்த உணவுத் திட்டங்களால் நோயாளர்கள் எடை குறைந்து, பின்னர் மீண்டும் எடை கூடித் திரும்புவதைக் கண்டதே அந்நூலுக்குத் தூண்டுதலாக அமைந்தது. அதன் நான்காம் பதிப்பு 2020-இல் வெளிவந்தது. 2003-இல் உடலளவுப் பன்மைக்கும் உடல்நலத்துக்குமான சங்கம் தொடங்கப்பட்டது. எந்த உடலளவிலும் நலம் என்ற கருத்து, 2008-இல் லிண்டோ பேக்கன் வெளியிட்ட நூலின் மூலம் பலரையும் சென்றடைந்தது.

உள்ளுணர்வு உண்ணல் கொள்கைகள்

டிரைபோலியும் ரெஷும் வகுத்த பத்துக் கொள்கைகளின் சாரம் பின்வருமாறு:

1. விரைவில் எடை குறைக்கும் திட்டங்களின் மீதான நம்பிக்கையைக் கைவிடுதல்.
2. பசி முற்றுவதற்கு முன்பே அதை மதித்து உண்ணுதல்.
3. விலக்கப்பட்ட உணவு என்ற பிரிவை நீக்குதல்.
4. உணவை நல்லது, கெட்டது எனத் தீர்ப்பளிக்கும் உட்குரலை எதிர்த்தல்.
5. உண்பதில் உள்ள நிறைவையும் இன்பத்தையும் கண்டறிதல்.
6. வயிறு நிறைந்ததன் அறிகுறிகளை உணர்தல்.
7. கவலை, தனிமை, சலிப்பு ஆகியவற்றை உணவு தவிர்ந்த வழிகளிலும் பரிவுடன் எதிர்கொள்ளுதல்.
8. தன் உடலை அது உள்ள வடிவில் மதித்தல்.
9. எரிக்கும் கலோரியைக் கணக்கிடாமல், உடலசைவு தரும் மாற்றத்தை உணர்ந்து இயங்குதல்.
10. ஊட்டச்சத்து அறிவைக் கடுமையின்றிப் பயன்படுத்துதல்.

ஊட்டச்சத்து இறுதியில் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. குற்றவுணர்வு நீங்காத நிலையில் தரப்படும் எந்த ஊட்டச்சத்து அறிவுரையும் மற்றுமொரு விதியாகவே கொள்ளப்படும் என்பது இவர்களின் கருத்தாகும். இம்முறையில் உண்போரை அளவிடுவதற்கான வினாத்தாள் ஒன்றை டில்கா 2006-இல் வெளியிட்டார். அதன் திருத்திய வடிவம் 2013-இல் வெளிவந்தது.

ஆலோசனை நடைபெறும் முறை

முதல் அமர்வில் வழக்கமாக எடை பார்க்கப்படுவதில்லை. மருத்துவக் காரணத்துக்காகப் பார்க்க நேர்ந்தால், நோயாளியின் இசைவு பெறப்படுகின்றது. அவர் விரும்பினால், எண்ணைக் காணாதவாறு எடைப்பொறிக்கு முதுகு காட்டி நிற்கலாம். நோய் வரலாறு, மருந்துகள், ஆய்வக முடிவுகள், முன்னர் மேற்கொண்ட உணவுக்கட்டுப்பாடுகள், வீட்டில் சமைப்பவர் யார், உணவுக்குப் போதிய பணமும் நேரமும் உள்ளனவா என்பன கேட்டறியப்படுகின்றன.

நாள் முழுவதும் உண்ணாமல் இருந்து இரவில் மிகையாக உண்பவருக்கு, முதலில் சீரான இடைவெளியில் உண்பது பரிந்துரைக்கப்படுகின்றது. பின்னர் பசியையும் நிறைவையும் ஓர் அளவுகோலில் குறித்துப் பார்க்கும் பயிற்சி தரப்படுகின்றது. அச்சம் தரும் உணவுகள் ஒவ்வொன்றாக, தனிமையில் அல்லாமல், வழக்கமான உணவின் பகுதியாகச் சேர்க்கப்படுகின்றன.

நீரிழிவு நோயாளிக்கு வழங்கப்படும் ஆலோசனை இம்முறையின் வேறுபாட்டைக் காட்டும். எடைமைய முறையில், குறிப்பிட்ட கிலோ எடையைக் குறைக்குமாறு கூறப்படும். எடைசாரா முறையில், சோற்றுடன் பருப்பு, முட்டை, காய்கறி முதலியவற்றைச் சேர்த்து உண்ணுதல், உணவுக்குப் பின் சிறிது நடத்தல், மருந்தைத் தவறாது உட்கொள்ளுதல், உண்பதற்கு முன்னும் பின்னும் சர்க்கரையைச் சோதித்து எந்த உணவு எவ்வாறு மாற்றுகின்றது என்பதைத் தாமே அறிதல் ஆகியவை முன்வைக்கப்படுகின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் கொண்டு முன்னேற்றம் மதிப்பிடப்படுகின்றது.

எடை அறிய வேண்டிய சூழல்கள்

மயக்க மருந்தின் அளவைக் கணித்தல், இதயச் செயலிழப்பில் உடலில் நீர் தேங்குவதைக் கண்டறிதல், சிறுநீரகக் கூழ்மப்பிரிப்பு, குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணித்தல், உண்ணல் கோளாற்றிலிருந்து மீளுதல் ஆகியவற்றில் எடை இன்றியமையாத தகவலாகும். காரணமின்றி எடை குறைவது, புற்றுநோய், காசநோய், கட்டுப்படாத நீரிழிவு போன்றவற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். எனவே எடைசாரா முறை எடையைப் புறக்கணிப்பதன்று. அதனை இலக்காக்க மறுப்பதே ஆகும்.

உண்ணல் கோளாறுகளும் எடையும்

எடையை மட்டும் பார்க்கும் மருத்துவம் நோயைத் தவறவிடக்கூடும் என்பதற்கு உண்ணல் கோளாறுகள் முதன்மையான எடுத்துக்காட்டு ஆகும். பசியற்ற உளநோய் எனப்படும் அனோரெக்சியா நெர்வோசா மெலிந்தவர்களுக்கே வரும் என்ற கருத்து நீண்டகாலம் நிலவியது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, இந்நோயின் பிற இயல்புகள் அனைத்தும் இருந்தும் எடை இயல்பான அளவிலோ அதற்கு மேலோ இருப்பவர்களின் நிலையைத் தனியே பெயரிட்டுக் குறித்தது. மிகையுண்ணல் கோளாறும் அக்கையேட்டில் தனி நோயாக ஏற்கப்பட்டது.

பருமனான ஒருவர் குறுகிய காலத்தில் பெருமளவு எடை இழந்தால், இதயத் துடிப்புக் குறைதல், இரத்த அழுத்தம் தாழ்தல், மாதவிலக்கு நிற்றல் போன்ற பட்டினியின் விளைவுகள் அவருக்கும் ஏற்படும். ஆனால் சுற்றியுள்ளோர் அவரைப் பாராட்டுவர், மருத்துவரும் பாராட்டக்கூடும். இதனால் சிகிச்சை தாமதமாகின்றது. எடை குறைந்தவரிடம் அது எவ்வாறு குறைந்தது எனக் கேட்பதை எடைசாரா முறை வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

குழந்தைகள்

அமெரிக்க உணவியல் வல்லுநரும் உளச்சிகிச்சையாளருமான எலின் சாட்டர் 1980-களில் முன்வைத்த பொறுப்புப் பகிர்வு முறை, எடைசாரா ஆலோசனையில் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றது. எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாவா என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும் என்பது இதன் சாரம். தட்டில் உள்ளதை முடித்தே ஆக வேண்டும் என வற்புறுத்துவதும், பருமனான குழந்தைக்கு மட்டும் உணவைக் குறைத்து வைப்பதும் இம்முறையில் தவிர்க்கப்படுகின்றன.

ஆய்வுச் சான்றுகள்

எடைக் குறைப்பின் நிலைப்பு

1959-இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்ட், மேவிஸ் மெக்லாரன்-ஹியூம் ஆகியோர் ஒரு மருத்துவமனைக்கு வந்த 100 பேரை ஆராய்ந்தனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் கணிசமான எடைக் குறைப்பைத் தக்கவைத்திருந்தோர் இருவரே. உணவுக்கட்டுப்பாடுகளில் 95 விழுக்காடு தோல்வியுறும் என்று பரவலாக வழங்கும் கூற்று இச்சிறு ஆய்விலிருந்து வளர்ந்ததாகக் கருதப்படுகின்றது. அதனைப் பொது விதியாகக் கொள்ள இயலாது. 2007-இல் டிரேசி மேன் முதலானோர் வெளியிட்ட மீளாய்வின்படி, உணவுக்கட்டுப்பாட்டை மேற்கொள்வோரில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரு பங்கினர் வரை, இழந்ததைவிடக் கூடுதலான எடையைப் பின்னர் பெறுகின்றனர். மறுபுறம், ஐக்கிய அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்குக் குறையாத எடை இழப்பை ஓராண்டுக்கு மேல் தக்கவைத்த பல்லாயிரம் பேர் பதிவாயினர்.

எடை திரும்புவதற்கு உடலியங்கியல் காரணங்கள் உண்டு. 2011-இல் ஆஸ்திரேலியாவில் 50 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில், எடைக் குறைப்புக்கு ஓராண்டுக்குப் பின்னரும் பசியைத் தூண்டும் இயக்குநீர் மாற்றங்கள் நீடித்தன. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தது. அவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்து, 41 கிலோ திரும்பப் பெற்றிருந்தனர். அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாக இருந்தது.

இரு முறைகளின் ஒப்பீடு

2005-இல் பேக்கனும் பிறரும் 78 பருமனான பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தனர். உணவுக்கட்டுப்பாட்டுக் குழுவில் 41 விழுக்காட்டினரும், எடைசாராக் குழுவில் 8 விழுக்காட்டினரும் இடையில் விலகினர். முதற்குழுவினர் எடை குறைந்து, பின்னர் பெரும்பாலும் திரும்பப் பெற்றனர். இரண்டாம் குழுவினரின் எடை மாறவில்லை. ஆயினும் இரத்த அழுத்தம், கொழுப்பு, தன்மதிப்பு ஆகியவற்றில் பெற்ற முன்னேற்றம் நிலைத்தது. பங்கேற்றோர் எண்ணிக்கை குறைவு என்பது இதன் குறைபாடாகும்.

சென்னை ஆய்வும் தெற்காசியரும்

தெற்காசியரிடையே உடல் நிறை குறியெண் இருவகையிலும் தவறான பொருள் தரக்கூடும். 2004-இல் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யுட்கினும் தம் படத்துடன் ஒரு குறிப்பை வெளியிட்டனர். இருவரின் குறியெண்ணும் 22.3 ஆகும். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடும், யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடும் இருந்தன. மெலிந்த தோற்றமுடைய இந்தியருக்கும் நீரிழிவு வரும் என்பதால், ஆசியருக்கு 23, 27.5 ஆகிய எண்களை நடவடிக்கைக்குரிய கூடுதல் எல்லைகளாக 2004-இல் உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு குறித்தது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்ற இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் இதில் பங்கேற்றனர். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினருக்கும், உணவு, உடலுழைப்பு மாற்றங்களை மேற்கொண்ட குழுவில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. குறிப்பிடத்தக்க எடைக் குறைப்பு இன்றியே இப்பயன் கிடைத்தது என்பது கவனத்துக்குரியது. இத்திட்டம் எடைசாரா முறையின் பெயரில் நடத்தப்பட்டதன்று. ஆயினும் பழக்க மாற்றத்தின் பயன் எடைப்பொறியில் தெரிய வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகின்றது.

விமர்சனங்கள்

எடைக் குறைப்பால் விளையும் நன்மைகளை இம்முறை குறைத்துக் கூறுகின்றது என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். பிரித்தானியாவில் நடைபெற்று 2017-இல் வெளியான ஆய்வில், தீவிர எடைக் குறைப்பை மேற்கொண்ட இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தின்றி நோய் தணிந்த நிலையை அடைந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் இது 4 விழுக்காடு மட்டுமே. ஆனால் நீரிழிவுடைய 5,145 பேரிடம் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற மற்றொரு நெடுங்கால ஆய்வு, எடைக் குறைப்பால் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியன குறையவில்லை எனக் கண்டு 2012-இல் நிறுத்தப்பட்டது. எனினும் அதிலும் உறக்க மூச்சுத்தடை குறைதல் போன்ற நன்மைகள் காணப்பட்டன.

செமாகுளூட்டைடு போன்ற மருந்துகளின் வருகை இவ்விவாதத்தை மாற்றியுள்ளது. ஏற்கெனவே இதய நோயுடைய 17,604 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், இம்மருந்து பெரும் இதய நிகழ்வுகளை 20 விழுக்காடு குறைத்தது. மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. பசி மங்கிய நிலையில் போதிய புரதமும் நீரும் பெறுவதற்கு இம்மருந்தை உட்கொள்வோருக்கும் எடைசாரா ஆலோசனை தேவை என அதன் ஆதரவாளர் சிலர் கருதுகின்றனர்.

பசியை வழிகாட்டியாகக் கொள்வது எல்லோருக்கும் பொருந்தாது என்பது மற்றொரு விமர்சனம். கடும் உண்ணல் கோளாற்றின் தொடக்கச் சிகிச்சையில் பசியுணர்வு நம்பத்தக்கதன்று. நேரம் பார்த்து உண்ண வேண்டும். அடுத்த வேளை உணவு உறுதியில்லாத குடும்பத்துக்குப் பசியின் அளவைக் குறித்துப் பார்க்கும் பயிற்சி பொருளற்றது. அங்கு முதல் தேவை உணவே.

பொதுவான உடன்பாடுகள்

இரு தரப்பினரிடையே சில உடன்பாடுகள் உருவாகியுள்ளன. பருமனானவர்களை இழிவுபடுத்துவது உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கின்றது என்றும், அதனை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் 2020-இல் கூட்டறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டில் வெளியான கனடிய வழிகாட்டுதல், எடையின் எண்ணைவிட நோயாளியின் நலனையே மையமாகக் கொண்டது. உடல் நிறை குறியெண்ணின் குறைபாடுகளை 2023-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றது. 2025-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, குறியெண்ணை மட்டும் கொண்டு ஒருவரை நோயாளி எனக் கூறலாகாது என்றும், உறுப்புகளின் செயற்பாடு பாதிக்கப்பட்டுள்ளதா என ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எடையை இலக்காகக் கொள்வதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு தொடர்கின்றது.

இவற்றையும் பார்க்கவும்

உடல் நிறை குறியெண்
உடற்பருமன்
உண்ணல் கோளாறுகள்
நீரிழிவு நோய்
மினசோட்டா பட்டினி ஆய்வு